நேராகப் பார்க்கும் தட்டு

“மேலதாங்க பாக்குது! எத்தனை தடவை சொல்றது?”

“நேரா பாக்குதும்மா. எனக்கு ரெண்டு கண்ணு—”

“உங்க கண்ணைப் பத்தி யாரு பேசினா? தட்டைப் பத்திப் பேசுங்க!”

“தட்டைப் பத்திதான் பேசறேன். என் கண்ணை நம்ப வேண்டாம், ரசமட்டத்தை நம்புங்க. ரசமட்டத்துக்கு யார் மேலயும் பகை கிடையாது.”

ஒருவர் நின்று சிகரெட் பிடிக்கத்தான் அந்தப் பால்கனியில் இடம். அதில் மூன்று பேர் நின்றோம். ‘ஒளிக்கரை’ வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கத்தின் தொழில்நுட்பப் பிரிவுத் தலைவர் பான் துர்லெய் ஒருவர். (எங்கள் ஊரில் மரியாதைக்கு ஆண்களைப் ‘பான்’ என்றும் பெண்களைப் ‘பானி’ என்றும் சொல்வோம்.) நான்காம் மாடி வீட்டுக்காரி ஒட்டிலியா ப்ரில் ஒருத்தி. மூன்றாம் மாடியில் குடியிருக்கும் நான் சாட்சிக் கையெழுத்துப் போட வந்தவள். எங்கள் சங்கத்தில் சாட்சி இல்லாமல் படிக்கட்டு பல்பைக்கூட மாற்ற மாட்டார்கள்.

மிச்சமிருந்த இடத்தை ரேடியோ ஆன்டெனாத் தட்டு அடைத்துக்கொண்டிருந்தது. தொண்ணூறு சென்டிமீட்டர் அகலம். அதன் அடியிலிருந்து ஒரு கம்பி முன்னால் நீண்டு, நுனியில் செம்புச் சுருள் ஒன்றைத் தாங்கியிருந்தது. தட்டு, சுவரில் மாட்டிய அலங்காரத் தட்டைப் போல விறைப்பாக நின்றது. அதற்கு நேர் எதிரே, நாற்பது மீட்டர் தள்ளி, ஒன்பதாம் எண் கட்டடத்தில் பானி க்ளெமென்ட்டினாவின் சமையலறை ஜன்னல். தட்டு தன் வீட்டுக்குள் பார்க்கிறது என்று சங்கத்தில் புகார் கொடுத்தவள் அவள்தான்.

பான் துர்லெய் ரசமட்டத்தைத் தட்டின் மேல் வைத்தார். குமிழி நடுவில் வந்து நின்றது. அவர் முகம் மலர்ந்தது.

“பாத்தீங்களா? நூல் பிடிச்ச மாதிரி. இங்கேருந்து கிளம்பினா நேரா அந்தம்மாவோட வெள்ளரிக்காய் ஜாடியிலதான் போய் முட்டும்.”

உள்ளே சாய்வு நாற்காலியிலிருந்து ஒட்டிலியாவின் கணவர் ஸெனோன் குரல் கொடுத்தார்.

“ஐயா, அது சாய்வுத் தட்டு! சின்னப் பசங்க கண்ணாடியைப் பிடிச்சு வெயிலை எதிர்வீட்டுச் சுவத்துல அடிக்கறாங்கல்ல? அந்தக் கணக்குதான். மேலேருந்து வர்றது தட்டுல பட்டுக் கீழே இறங்கும். அதனாலதான் சுருளைக் கீழே வச்சிருக்கு. தட்டு நிக்கறது நேரா. பாக்கறது இருபத்தெட்டு டிகிரி மேல.”

“அதாவது நேரா பாக்கற மாதிரி நின்னுக்கிட்டு வேற எங்கேயோ பாக்குது.”

“ஆமா.”

“அதைத்தான் எங்க பாஷையில ‘மறைமுகமாகப் பார்க்கிறது’ம்போம். எழுதிக்கறேன்.” எழுதிக்கொண்டார். பிறகு குனிந்து சுருளை முகர்ந்தார். “இது?”

“நானே சுத்தினது. செம்புக் கம்பி. பேச்சு அது வழியாத்தான் வெளியே போகும்.”

“எங்க தாத்தாவோட கொட்டகையிலயும் இப்படி ஒரு செம்புச் சுருள் இருந்துச்சு, ஊறல் பானை மேல.”

“அதுல என்ன வந்துச்சு?” என்றாள் ஒட்டிலியா.

“அதை அறிக்கையில எழுத முடியாதும்மா.” சுருளின் நுனியை விரலால் தொட்டு, விரலை வெளிச்சத்தில் பார்த்தார். “எழுதிக்கறேன்: ‘ஆய்வு நேரத்தில் சொட்டவில்லை.’”

நான் கையெழுத்துப் போட்டேன். சொட்டவில்லை என்பது உண்மைதானே.

ஸெனோன் முப்பத்தோரு வருடம் சரக்குக் கப்பல்களில் ரேடியோ அதிகாரியாக இருந்தவர். இப்போது இரண்டு முழங்கால்களும் போய்விட்டன. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. எங்கள் துறைமுக நகரமான க்டினியாவில் இப்படி எத்தனையோ கட்டடங்கள், எத்தனையோ நான்காம் மாடிக் கைதிகள். அவர் கடைசியாகத் தெருவில் கால் வைத்து நான்கு வருடம் ஆகிறது. லிஃப்ட் கேட்டு இரண்டு முறை மனுப் போட்டோம். இரண்டு முறையும் சங்கப் பொதுக்கூட்டத்தில் அது விவாதத்துக்கு வந்தது. கூட்டம் நடப்பது நிலவறையில், கொதிகலன் அறைக்குப் பக்கத்தில். நான்காம் மாடிக்காரர்கள் ஒருவரும் நேரில் வராததால் அவர்களுக்கு லிஃப்டில் ஆர்வமில்லை என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள்.

அவருக்கு இருந்த ஒரே வாசல் அந்தத் தட்டுதான். ஆப்பிரிக்காவின் தலைக்கு மேலே நகராமல் நிற்கும் ஒரு செயற்கைக்கோளில், பொழுதுபோக்கு ரேடியோக்காரர்களுக்கென்று ஓர் ஓரம் ஒதுக்கியிருக்கிறார்கள். தினமும் காலை பதினொரு மணிக்கு அந்த ஓரத்தில் ஒன்பது கிழவர்கள் கூடுவார்கள். எல்லோரும் பழைய கப்பல் ரேடியோக்காரர்கள். ஒருவர் பிரேசிலில், ஒருவர் மால்டாவில், ஒருவர் கேப் டவுனில். வரிசையாகப் பெயர் கூப்பிடுவார்கள். கூப்பிட்டவர் “இருக்கேன்” என்று சொல்ல வேண்டும். ஸெனோன் ஐந்தாவது.

மூன்று நாள் தொடர்ந்து பதில் இல்லையென்றால் அந்த ஆளின் விசை ஓய்ந்துவிட்டது, அதாவது ஆளே போய்விட்டார் என்று பொருள். மூன்றாம் நாள் ஒரு நிமிடம் மௌனம் காத்து, பட்டியலில் இருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். முன்பு பத்துப் பேராக இருந்தார்கள். அலோய்ஸி என்பவர் மூட்டு அறுவைக்காக நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்து கூப்பிட்டார்.

“அப்புறம்?” என்று நான் ஒருமுறை ஸெனோனிடம் கேட்டேன்.

“இன்னிக்கும் கூப்பிட்டுக்கிட்டுதான் இருக்கான்.”

“நீங்க பதில் சொல்லலையா?”

“எப்படிச் சொல்றது? மௌனம் குடுத்தாச்சே. குடுத்த மௌனத்தைத் திருப்பி வாங்க முடியுமா?”

ஒழுங்கு என்றால் எங்கள் ஊர் ஆண்களுக்கு அப்படி ஓர் உயிர்.

ஆய்வு முடிந்த பதினோராம் நாள் கடிதம் வந்தது. தட்டுக்கு ‘அது எதைப் பார்க்கிறதோ அந்தத் தரப்பின் முகவரியோடு’ அனுமதி பெற வேண்டும். ஒட்டிலியா என்னையும் இழுத்துக்கொண்டு சங்க அலுவலகத்துக்குப் போனாள். மனு வாங்குவது புதன்கிழமை மட்டும், பத்து முதல் பதினொன்றே கால் வரை. சிறிய ஜன்னல் ஒன்று. குனிந்துதான் பேச வேண்டும். நிமிர்ந்து பேசினால் உள்ளே இருக்கும் பானி போஷேனாவுக்கு நம் வயிறுதான் தெரியும்.

“பாக்கப்படுற தரப்போட முகவரி?” என்றாள் பானி போஷேனா.

“செயற்கைக்கோளும்மா அது. அதுக்கேது முகவரி?”

“முகவரி இல்லாம கம்ப்யூட்டர் அடுத்த பக்கம் போகாதும்மா. எந்த மாடி?”

“மாடியெல்லாம் இல்ல. முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரம்.”

“லிஃப்ட் உண்டா?”

ஒட்டிலியா என்னைப் பார்த்தாள். நான் சாட்சி, எனக்கும் தெரியவில்லை.

“இல்லைன்னுதான் நினைக்கறேன்.”

“அப்ப நம்ம கட்டடங்கள் மாதிரிதான்.” பானி போஷேனா எதையோ தட்டினாள். கம்ப்யூட்டர் அடுத்த பக்கம் போயிற்று. “நாப்பத்தியொண்ணாம் பிரிவுல போடறேன். ‘நடமாட இயலாத உறுப்பினருக்கான வசதி.’ தற்காலிக அனுமதி. குழு வந்து பாத்து நிரந்தரம் பண்ணும். வீட்டுக்காரர் நிஜமாவே நடமாட மாட்டாரில்ல?”

“நாலு வருஷமா மாட்டார்.”

“அப்படியே இருக்கச் சொல்லுங்க. அனுமதிக்கு அதுதான் அடிப்படை.”

குழு திங்கட்கிழமை காலை பத்தே காலுக்கு வந்தது. ஐந்து பேர் கிளம்பி மூன்று பேர் நான்காம் மாடியை எட்டினார்கள். சங்கத் தலைவர் பான் குஷ்மிதர் வழியில் என் வீட்டில் உட்கார்ந்து இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். “படிக்கட்டு மாதிரி ஆரோக்கியம் ஏதும்மா! உங்க கட்டடத்துக்காரங்க குடுத்து வச்சவங்க” என்றார், பேச்சு திரும்பி வந்ததும்.

ஒட்டிலியா ஆப்பிள் கேக் செய்திருந்தாள். கண்ணாடி டம்ளர்களில் தேநீர் ஊற்றினாள். ஸெனோன் மேசைமேல் ரேடியோவைப் போட்டு வைத்திருந்தார். செயற்கைக்கோளின் அடையாள ஒலி, குளிரில் பற்கள் அடித்துக்கொள்வதுபோல, கிட்-கிட்டென்று வந்துகொண்டிருந்தது. தட்டு சரியாகப் பார்க்கிறது என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

“கேளுங்க ஐயா. இது அங்கேருந்து வருது. பானி க்ளெமென்ட்டினா வீட்டு ஜாடி இப்படியா சத்தம் போடும்?”

பான் குஷ்மிதர் கேக்கை முடித்துவிட்டு எழுந்து நின்றார். அவர் எழுந்ததும் துர்லெய்யும் எழுந்தார். உட்கார்ந்திருந்தவர் ஸெனோன் மட்டும்தான். அதையும் மூன்றாவது ஆள் குறித்துக்கொண்டார்.

“உறுப்பினர்களே! சங்கம் வானத்துக்கு விரோதி இல்லை. எனக்கே தனிப்பட்ட முறையில வானம்னா ரொம்பப் பிடிக்கும். ஆனா வானத்தைப் பாக்கறவங்க, வானத்தைப் பாக்கற மாதிரி தெரியணும். அதுக்குப் பேருதான் வெளிப்படைத்தன்மை. என்னையே எடுத்துக்குங்க. பன்னெண்டு வருஷமா தலைவரா இருக்கேன். வேலை செய்யறேனா இல்லையான்னு ஒருத்தராவது கேட்டிருப்பாங்களா? கேட்டதில்லை. ஏன்? வேலை செய்யற மாதிரி தெரியறேன்! இந்தத் தட்டும் அப்படி இருக்கணும். அவ்வளவுதான் சங்கம் எதிர்பாக்குது.”

துர்லெய் கை தட்டினார். பிறகு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார்.

“என்ன பண்ணப் போறீங்க?” என்றார் ஸெனோன்.

“நீங்க சொன்ன இருபத்தெட்டு டிகிரி. தட்டையே அவ்வளவு சாய்ச்சு வச்சுட்டா யாருக்கும் சந்தேகம் வராது.”

“ஐயோ, அப்ப அது அம்பத்தாறு டிகிரியில பாக்கும்! அங்க ஒண்ணுமே கிடையாது!”

“அங்க வானம் கிடையாதா?” என்றார் தலைவர்.

“வானம் இருக்கு, ஆனா—”

“அப்புறம் என்ன குறை?”

போல்ட் திரும்பத் திரும்ப, அந்தக் கிட்-கிட் சத்தம் தேய்ந்தது. ஒரு கட்டத்தில் வெறும் இரைச்சல்தான் மிஞ்சியது. தட்டு, மழையைக் கையேந்தி நிற்பதுபோல அண்ணாந்து நின்றது. வெளியிலிருந்து பார்க்க அழகாகத்தான் இருந்தது. துர்லெய் போல்ட்டைச் சுற்றி மெல்லிய கம்பியை ஓட்டி, ஈயக் குண்டு கோத்து, குறடால் நசுக்கிச் சங்கத்தின் முத்திரையை வைத்தார்.

“இதை எடுக்கணும்னா உறுப்பினரே அலுவலகத்துக்கு நேர்ல வந்து மனு குடுக்கணும். புதன் மட்டும்” என்றார்.

மணி பதினொன்று. கீழே கார் கிளம்பும் சத்தம் கேட்டது. ஸெனோன் ஒலிவாங்கியைக் கையில் பிடித்துக்கொண்டு இரைச்சலைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தார். ஒட்டிலியா சமையலறைக்குப் போய், கோழி வெட்டும் கத்தரிக்கோலோடு வந்தாள்.

“தள்ளு கிழவா. அரை நிமிஷ வேலை.”

“வை கீழே.”

“ஈயக் குண்டுக்குப் பயப்படறியா நீ? புயல்ல கப்பல் ஓட்டினவன்?”

“ஓட்டினது கேப்டன். நான் ரேடியோ ரூம்ல இருந்தேன். துறைமுகத்துக்குள்ள போனா ரேடியோ ரூமுக்கு முத்திரை வைப்பான். முப்பத்தோரு வருஷத்துல ஒரு முத்திரையை நான் தொட்டதில்ல. உடைச்சா லைசென்ஸ் போயிடும்.”

“இது துறைமுகமா? இது நம்ம பால்கனி!”

“முத்திரை முத்திரைதான், ஒட்டிலியா.”

“சரி, போன் பண்ணு. பிரேசில்காரனுக்குப் போன் பண்ணி, இருக்கேன்னு சொல்லித் தொலை.”

“நம்பர் தெரியாது.”

“பதினஞ்சு வருஷமா தினம் பேசறே, நம்பர் தெரியாதா?”

“கேக்கணும்னு தோணல. தினம் பேசறவன்கிட்ட எதுக்கு நம்பர்?”

திங்கள் போயிற்று. செவ்வாய் பதினொரு மணிக்கு ஒட்டிலியா பால்கனிக் கதவைச் சாத்திவிட்டு, கீழே என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். “அந்த இரைச்சலுக்குப் பதில் சொல்லிக்கிட்டு உக்காந்திருக்கான். ‘இருக்கேன், இருக்கேன்’னு. என்னால கேக்க முடியல” என்றாள். “நாளைக்கு மூணாவது நாள். நாளைக்கு புதனும்கூட. எப்படியாவது அவனைக் கீழே இறக்கணும்.”

எங்கள் முதல் மாடியில் வீட்டுச் சாமான் தூக்கும் தொழில் செய்யும் இரட்டையர் இருக்கிறார்கள், போரிஸ், புருனோ என்று. புதன் காலை ஒன்பதரைக்கு வந்தார்கள். ஸெனோனை நாற்காலியோடு சேர்த்து, குளிர்சாதனப் பெட்டி தூக்கும் வார்களால் கட்டினார்கள். கோட்டுக்கு மேல் கழுத்துத்துணி சுற்றி, அவர் தன் பழைய கப்பல் தொப்பியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.

“வலிச்சா சொல்லுங்க பெரியவரே” என்றான் போரிஸ்.

“வாஷிங் மெஷினு இப்படி யோசிக்காது” என்றான் புருனோ. “அதுபாட்டுக்கு வரும்.”

“வாஷிங் மெஷினைப் பதினோரு மணிக்கு யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்கடா” என்றார் ஸெனோன்.

எழுபத்திரண்டு படிகள். இரட்டையர்களுக்குப் பத்தரைக்கு வேறோர் இடத்தில் அலமாரி ஒன்று காத்திருந்தது. அதற்குள் வேலை முடிந்தால் திரும்ப மேலே தூக்கிக்கொண்டுபோய் விட்டுவிடுகிறோம் என்றார்கள். பத்துக்கெல்லாம் ஜன்னலுக்கு முன்னால் ஸெனோனை வைத்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருந்ததால் அவர் குனிய வேண்டியிருக்கவில்லை. ஜன்னல் அவர் உயரத்துக்கென்றே செய்ததுபோல இருந்தது.

“உறுப்பினர் நேர்ல வந்திருக்காரா?” என்றாள் பானி போஷேனா.

“இதோ உக்காந்திருக்கார்” என்றாள் ஒட்டிலியா.

“நாற்காலி சங்கத்தோடதா, சொந்தமா?”

“சொந்தம்.”

“அப்ப அதுக்கு நுழைவுச் சீட்டு வேணும். நான் தலைவரைக் கூப்பிடறேன்.”

தலைவர் வரப் பத்து நிமிடம் ஆயிற்று. வந்தவர் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வந்தார். கண்கள் கலங்கியிருந்தன.

“பான் ப்ரில்! இறங்கி வந்துட்டீங்க! பானி போஷேனா, எழுதிக்குங்க: ‘உறுப்பினர் படிக்கட்டு வழியாக வந்தார்.’”

“நாங்க தூக்கிட்டு வந்தோம்” என்றான் போரிஸ்.

“தூக்கினது நீங்க. வந்தது யாரு?”

போரிஸ் யோசித்தான். அவன் தொழிலில் இந்தக் கேள்வி வந்ததில்லை.

“ஐயா, முத்திரையை எடுக்கணும்” என்றார் ஸெனோன். “பதினோரு மணிக்குள்ள.”

“தாராளமா! இன்னிக்கே எடுத்துடுவோம். தட்டையும் சேத்து எடுத்துடுவோம்.” தலைவர் அவர் தோளில் தட்டினார். “அது நடமாட முடியாதவங்களுக்கான அனுமதியில்ல? நீங்கதான் நடமாட ஆரம்பிச்சுட்டீங்களே. நாப்பத்தியொண்ணாம் பிரிவு உங்களுக்கு இனிமே பொருந்தாது. சந்தோஷமான விஷயம்!”

“இதென்ன அநியாயம்!” ஒட்டிலியா ஜன்னல் விளிம்பில் கையால் அடித்தாள். “வரலைன்னா ஆர்வமில்லைன்னு சொல்றீங்க. வந்தா தேவையில்லைன்னு சொல்றீங்க!”

“அம்மா, அம்மா. சங்கத்துல ரெண்டே வகை உறுப்பினர்தான். வர முடிஞ்சவங்க, வர முடியாதவங்க. வர முடியாதவங்க கோரிக்கையை நேர்ல வந்து குடுத்தா உடனே பரிசீலிக்கறோம். இத்தனை வருஷத்துல ஒருத்தர்கூட வந்ததில்ல. அவ்வளவு திருப்தியா வச்சிருக்கோம். லிஃப்ட் மனுவையும் இன்னிக்கே முடிச்சு வைக்கலாம். லிஃப்ட் இல்லாமலே இறங்கலாம்னு உங்க கணவர் நிரூபிச்சிருக்காரு. அடுத்த பொதுக்கூட்டத்துல அவருக்குப் பாராட்டுத் தீர்மானம் கொண்டு வரேன். நேர்ல வந்து வாங்கிக்கணும்.”

பத்தரை அடித்தது. புருனோ தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டு நின்றான்.

“பெரியவரே, அந்த அலமாரி... நாங்க நாலு மணிக்குத் திரும்பிடுவோம்.”

“போங்கப்பா. வேலையைப் பாருங்க.”

அவர்கள் போனார்கள். வார்களையும் எடுத்துக்கொண்டு போனார்கள், அலமாரிக்கு வேண்டுமே. தலைவர் உள்ளே போனார். அன்று அவருடைய பெயர்நாள்; எங்கள் ஊரில் அதைப் பிறந்தநாள்போலக் கொண்டாடுவார்கள். சிறிது நேரத்தில் உள்ளேயிருந்து “நூறு வயசு வாழ்க” என்று பாட்டும், தட்டுகள் உரசும் ஓசையும் கேட்டன. ஒட்டிலியா முத்திரையை வெட்டிவிட்டு வருவதாக வீட்டுக்கு ஓடப் பார்த்தாள். ஸெனோன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வெட்டி என்ன பண்ணுவே? பேச வேண்டியவன் இங்க உக்காந்திருக்கேன்.”

சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள் பன்னிரண்டைத் தொட்டது. ஸெனோன் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அவர் உதடுகள் அசைவதைப் பார்த்தேன். ஒரு பெயர் சொல்வார், பதிலுக்குக் கொஞ்சம் காத்திருப்பார், அடுத்த பெயர் சொல்வார். நான்கு பெயர் எண்ணினேன். ஐந்தாவது அவருடையது; அதில் உதடுகள் நின்றன. அதற்குப் பிறகு ஒரு நிமிடம் அவர் மூச்சுகூட விடவில்லை என்று எனக்குத் தோன்றியது. உள்ளே யாரோ சிரித்தார்கள்.

பானி போஷேனா ஒரு துண்டு கேக்கோடு இடத்துக்குத் திரும்பி வந்தாள். பதினொன்றே காலுக்கு இன்னும் சிறிது நேரம் இருந்தது. ஆனாலும் ஜன்னலின் பலகையை இறக்கக் கை நீட்டினாள்.

ஸெனோன் நாற்காலியில் முன்னால் சாய்ந்து, மிகவும் மரியாதையாகக் கேட்டார்:

“பானி போஷேனா, ஒரே ஒரு உதவி. ஸெனோன் ப்ரில் இன்னும் உயிரோடதான் இருக்கார்னு எழுதி, முத்திரை குத்திக் குடுப்பீங்களாம்மா? எட்டுப் பிரதி வேணும்.”